நரோங் அண்ணனின் ஐந்தெழுத்துச் சொற்கள்

சிவப்பு. மடிக்கணினித் திரை முழுக்கச் சிவப்பு. இன்னொரு முறை தட்டிப் பார்க்கலாமா என்று நடுவரிடம் கேட்டேன்.

"ஒரு தடவதாங்க. ரெண்டு தடவ தட்டினா பச்சையாயிடுமா?" என்றார் அவர்.

எனக்கு எதிரில் ஆடிய மின்ட், பாங்காக்கில் கல்லூரியில் படிக்கிற பெண், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் காது மடல் கொதித்தது. கோபம் அவள்மேல் இல்லை. யார்மேல் என்று அந்த நிமிடம் தெரியவில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் தெரிந்துவிட்டது.

நாங்கள் கிராஸ்வேர்ட் என்று சொல்லும் ஆட்டம் அது. பையில் கைவிட்டு ஏழு ஆங்கில எழுத்துக் கட்டைகளை எடுத்து, பலகையில் சொல்லாக அடுக்க வேண்டும். எதிராளிக்குச் சந்தேகம் வந்தால் கையைத் தூக்கி "சேலஞ்ச்" என்பார். இருவரும் எழுந்துபோய் ஓரத்து மேசையில் இருக்கும் மடிக்கணினியில் அந்தச் சொல்லைத் தட்டுவோம். பச்சை வந்தால் கேட்டவருக்கு ஒரு முறை போச்சு. சிவப்பு வந்தால் வைத்தவர் கட்டைகளைத் திரும்பப் பொறுக்கிக்கொண்டு, புள்ளியும் இல்லாமல் முறையும் இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அன்று பொறுக்கியது நான். நான் வைத்த சொல் 'ஸாவெல்'. கிட்டத்தட்ட இருபது வருடமாக என் தலைக்குள் இருக்கும் சொல். என் சொந்தப் பேரைப்போல எனக்குத் தெரிந்த சொல்.

அதற்கு என்ன பொருள் என்று கேட்காதீர்கள். எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஆங்கிலத்தில் ஒரு காபி கேட்டு வாங்கத் தெரியாது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. இந்த ஆட்டத்துக்குப் பொருள் வேண்டாம். எத்தனை எழுத்து, எந்தெந்த எழுத்து, அவ்வளவுதான். எங்கள் ஊர் நக்கோன் சவானில் ஆசிரியர் கல்லூரிக்கு எதிரே நரோங் அண்ணனின் ஜெராக்ஸ் கடை. அதன் மாடியில் ஞாயிறுதோறும் எங்கள் சங்கம் கூடும். அண்ணன் நடுவில் நின்று எழுத்துகளை மட்டும் அகர வரிசையில் கூவுவார். "ஏ-இ-எல்-எஸ்-வி!" நாங்கள் திருப்பிக் கத்துவோம்: "சால்வ்! செல்வா! ஸ்லேவ்! வால்ஸ்!" ஸ்லேவ் என்றால் அடிமை என்று இருபத்தைந்து வயதில் ஒரு படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை அது நல்ல புள்ளி கிடைக்கும் ஐந்தெழுத்து, அவ்வளவே. "ஏ-இ-எல்-வி-இசட்!" என்பார் அண்ணன். "ஸாவெல்!" என்று கூரை அதிரும்.

ஏழெழுத்தும் எட்டெழுத்தும் பின்னால் கைபேசி வந்த பிறகு நாங்களே படித்துக்கொண்டவை. ஐந்தெழுத்து மட்டும் அண்ணன் வாயிலிருந்து வந்தது. அதைப் போய் யார் திரும்பச் சரிபார்ப்பார்கள்? தன் கையில் ஐந்து விரல் இருக்கிறதா என்று காலையில் எழுந்து எண்ணிப் பார்க்கிறவர் உண்டா?

அண்ணன் ஒன்றும் கிழவர் இல்லை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நாட்டு அணியில் ஆறு முறை ஆடியவர். நான்? எனக்கு முப்பத்து மூன்று. மருந்துக் கடையில் வேலை. ஒவ்வொரு முறையும் தேர்வுப் போட்டியில் ஐந்தாவதாக வந்து, மாற்று ஆட்டக்காரி என்ற பெயரில் மற்றவர்களின் பைகளைக் காவல் காத்தவள். அணியில் நாலு இடம். இந்த முறை மூன்று இடம் முதலிலேயே நிரம்பிவிட்டது. நாலாவதற்குத்தான் இந்த இரண்டு நாள் போட்டி, பாங்காக்கில் ஒரு பெரிய அங்காடியின் ஆறாவது மாடியில். அண்ணன் உட்பட எங்கள் சங்கமே ஆட வந்திருந்தது. அணிக்குக் கொடுக்கும், கொடி தைத்த அந்த நீலச் சட்டையை ஒருமுறையாவது போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குமேல் எனக்கு வேறு ஆசை கிடையாது.

சாப்பாட்டுக் கூடத்தில் அண்ணன் துளசிக் கோழியும் சோறும் வாங்கிவைத்துக்கொண்டு, மேலே இருந்த பொரித்த முட்டையைக் கரண்டியால் வெட்டிக்கொண்டிருந்தார். என் தட்டோடு எதிரே போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, ஸாவெல் சிவப்பு வந்துடுச்சு."

"எங்க வச்சே? ரெட்டைப் புள்ளிக் கட்டத்துலயா?"

"எங்க வச்சா என்னண்ணே? அப்படி ஒரு வார்த்தையே கிடையாதாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "ஐயய்ய, நீ அத இன்னுமா வச்சிருக்கே?"

இன்னுமா வச்சிருக்கே. ஏதோ எனக்குப் பழைய செருப்பு ஒன்றைக் கொடுத்திருந்ததுபோலக் கேட்டார். எனக்கு உச்சந்தலை சுர்ரென்றது.

விஷயம் இதுதான். ரொம்ப வருடம் முன்னால் மாகாண இறுதி ஆட்டத்தில், தோற்கும் நிலையில், அண்ணன் வாயில் வந்ததை வைத்திருக்கிறார். எதிரில் ஆடியவர் ஒரு தலைமையாசிரியர். பெரிய ஆட்டக்காரர் வைத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் கை தூக்கவில்லை. அண்ணன் கோப்பையோடு ஊருக்கு வந்தார். அடுத்த ஞாயிறு சின்னவர்கள் எல்லாரும் சூழ்ந்துகொண்டு, அது என்ன சொல் அண்ணா, எங்களுக்கும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களில் நானும் ஒருத்தி.

"என்னன்னு சொல்லச் சொல்றே? பொய்யா வச்சேன்டா, புளுகிக் கோப்பை வாங்கினேன்டான்னா? அத்தனை பேரும் வாயப் பொளந்துகிட்டு நிக்கிறீங்க" என்றார் அண்ணன்.

"அதுக்கு?"

"அதுக்கு... ஞாயித்துக்கிழமை கூவற பாட்டோட சேத்துக்கிட்டேன். ஒண்ணுதானேன்னு."

"ஒண்ணுதானா?"

அவர் மீன்சாற்றைச் சோற்றில் ஊற்றினார். "ரெண்டு மூணு இருக்கலாம். யாருக்கு ஞாபகம்?"

"எங்களோட ஆடும்போது மட்டும் கரெக்டா ஞாபகம் வருமா அண்ணே?"

மெல்லுவது நின்றது. அப்போதுதான் எனக்கே முழுசாகப் புரிந்தது. நக்கோன் சவானில் நரோங் அண்ணனை யாரும் தோற்கடித்ததே இல்லை. வெளியூரில் தோற்பார், வெளிநாட்டில் தோற்பார், எங்கள் மாடியில் தோற்கவே மாட்டார். ஏன் தோற்கப்போகிறார்? இல்லாத சொற்களை எங்கள் வாயாலேயே கத்த வைத்துவிட்டு, அதையே எங்கள் முன்னால் அடுக்கினால் யார் கை தூக்குவது? இத்தனை வருடம் எங்கள் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார். நாங்களும் தலையைக் குனிந்து காட்டிக்கொண்டிருந்தோம்.

"தங்கச்சி, கோவப்படாதே. எல்லாம் போன்ல இருக்கு. நீ சரிபாத்திருக்கணும். அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றார். பிறகு தன் தட்டிலிருந்த பாதி முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தார். "சாப்பிடு. மத்தியானம் ஆட்டம் இருக்கு."

அந்த முட்டையை எடுத்து அவர் தேநீர்க் கோப்பையில் போட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

நகரும் படிக்கட்டில் தியம் நின்றிருந்தான். எங்கள் சங்கத்தில் எனக்கு அடுத்தபடி நன்றாக ஆடுகிறவன், டயர் கடை வைத்திருப்பவன். அவனிடம் சொன்னேன். மேலேயிருந்து கீழே வருவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"அக்கா, நீங்க பதட்டத்துல எழுத்த மாத்தித் தட்டியிருப்பீங்க."

"அவரே ஒத்துக்கிட்டார்டா!"

"அண்ணன் தமாஷ் பண்ணியிருப்பாரு. அவரப் போயி..." என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஒரு ஆட்டம் போச்சுன்னு இப்படிப் பேசலாமாக்கா?"

இதற்குமேல் என்ன செய்வது? அவன் கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது. இரவு விடுதி அறையில் கைபேசியைத் திறந்து ஐந்தெழுத்துச் சொற்களைப் பார்த்தேன். பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இருக்கிறது. இருப்பதைப் படித்துக்கொண்டு போகலாம். தலைக்குள் இருப்பவற்றில் எது இல்லாதது என்று எப்படித் தேடுவது? கொஞ்ச நேரத்தில் நல்ல சொற்களும் பொய்யாகத் தெரிய ஆரம்பித்தன. மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் வெறியோடு ஆடினேன். ஐந்தெழுத்துப் பக்கமே போகாமல், ஏழும் எட்டுமாக அடுக்கி வரிசையாக ஜெயித்தேன். கடைசிச் சுற்றுக்கு முன்னால் பட்டியல் ஒட்டினார்கள். முதலிடத்தில் நானும் நரோங் அண்ணனும் சமம். கடைசி ஆட்டம் எங்கள் இருவருக்கும். ஜெயிக்கிறவருக்கு நீலச் சட்டை.

எங்கள் சங்கத்துக்காரர்களின் ஆட்டமெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டதால் அத்தனை பேரும் வந்து எங்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். வழக்கம்போல அண்ணன் பக்கம்தான் கூட்டம். அவர் கட்டைப் பையை எனக்கு நீட்டியபடி, "என்ன தங்கச்சி, இன்னும் கோவமா? கோவத்துல ஆடினா எழுத்து வராது" என்றார். நான் பையில் கைவிட்டுக் கட்டைகளை எடுத்தேன்.

ஆட்டம் இழுபறியாகப் போனது. அவர் ஒன்று வைப்பார், நான் அதைப் பிடிப்பேன். பையில் கட்டைகள் தீர்ந்தன. அப்போது அவர் பத்துப் புள்ளி முன்னால் இருந்தார். என் கையில் இசட், வி, இ, எல், ஐ, இன்னும் இரண்டு. பலகையின் வலது ஓரத்தில் ஒரு ஏ தனியாக நின்றது, மேலே ஒரு கட்டம் காலி, கீழே மூன்று கட்டம் காலி. மூன்று மடங்குப் புள்ளிக் கட்டத்தில் போய் விழும்.

ஸாவெல்.

வேறு நல்ல சொல் ஏதாவது உண்டா என்று தேடியிருக்கலாம். தேடவில்லை. எனக்கு மூளையில் ஒன்றுதான் ஓடியது. எங்கள் சங்கத்தில் அது பொய் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். தியம்கூட நம்பவில்லை. நான் வைக்கிறேன். அவர் கை தூக்காவிட்டால் ஆட்டம் என்னுடையது, சட்டை என்னுடையது. கை தூக்கினால் அத்தனை பேர் முன்னாலும் தன் சொல்லைத் தானே பொய் என்று சொல்ல வேண்டும். இவரா? பசங்க முன்னாடி ஒரு கோப்பைக்காக இருபது வருடம் பொய் சொன்னவரா? தூக்க மாட்டார் என்று நினைத்தேன். மானஸ்தர் ஆயிற்றே.

ஒவ்வொரு கட்டையாக வைத்தேன். மெதுவாக, அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே வைத்தேன். புள்ளியைச் சொல்லிக் கடிகாரத்தைத் தட்டினேன். பின்னால் தியம், "ஆஹா" என்று மெதுவாகச் சொன்னது கேட்டது.

அண்ணன் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு வலது கையைத் தூக்கினார்.

"சேலஞ்ச்."

இருவரும் நடந்துபோனோம். அவர்தான் தட்டினார். சிவப்பு.

திரும்பி வந்து நான் கட்டைகளைப் பொறுக்கும்போது தியம் குனிந்து கேட்டான், "அண்ணே, அது நம்ம வார்த்தை இல்லியா?"

"எந்த வார்த்தை?" என்றார் நரோங் அண்ணன். "நான் கேள்விப்பட்டதே இல்ல. இவ எங்க படிச்சாளோ."

எழுந்து நின்றேன். நாற்காலி பின்னால் விழுந்தது. கூட்டத்தைப் பார்த்து, அவர் கூவுகிற அதே ராகத்தில் கூவினேன்:

"ஏ-இ-எல்-வி-இசட்!"

"ஸாவெல்!"

யோசித்துக் கத்தவில்லை அவர்கள். ஞாயிறு ஞாயிறாகப் பழகிய வாய்கள், தாமாகத் திறந்துகொண்டன. டயர் கடைக்காரன், தாதி வேலை பார்க்கிற பெண், வங்கிக்காரர், பள்ளிப் பிள்ளைகள், எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். ஆறாவது மாடியே திரும்பிப் பார்த்தது. கத்தி முடித்த பிறகுதான் அவர்களுக்கே தாங்கள் என்ன செய்தோம் என்று உறைத்தது. தியம் வாயை மூடாமல் அப்படியே அண்ணனைப் பார்த்தான்.

"கேள்விப்பட்டதே இல்லியாமே!" என்றேன். "இத்தன பேருக்கும் யாரு பால் ஊத்தி வளத்தது? நானா?"

நடுவர் ஓடி வந்தார். இன்னொரு முறை சத்தம் போட்டால் ஆட்டமே போய்விடும் என்று எச்சரித்தார். நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

தியம் ஓரத்து மேசைக்குப் போனான். மடிக்கணினியில் எதையோ தட்டினான். சிவப்பு. இன்னொன்று தட்டினான். பச்சை. தாதிப் பெண் அவன் பின்னால் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் வங்கிக்காரர். கொஞ்ச நேரத்தில் எங்கள் மேசையைச் சுற்றி ஒருவரும் இல்லை. அங்கே வரிசை நின்றது.

"டேய் தியம், அது ஆடறவங்களுக்குடா. வந்து நில்லு இங்க" என்றார் அண்ணன்.

யாரும் திரும்பவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் சொல்லை அடுக்கினார். அந்தச் சொல்லின் கடைசி எழுத்தான ஏ ஒரு வரிசையின் தொடக்கத்தில் போய் உட்கார்ந்தது. பக்கத்தில் நான்கு கட்டம் காலி.

எனக்கு உடனே தெரிந்தது. ஏ-இ-ஐ-வி-இசட். வி, ஐ, இசட், இ, நாலும் கையில். 'அவைஸ்'. சின்ன வயதிலிருந்து கத்திய சொல். வைத்தால் நான் ஜெயிக்கிறேன். எழுத்தெல்லாம் கிட்டத்தட்ட அந்த நாசமாய்ப்போன ஸாவெல்தான், எல்லுக்குப் பதில் ஐ. அண்ணன் வாயிலிருந்து வந்ததுதான் இதுவும்.

கையை நீட்டினேன். கை நின்றது. இதுவும் அவர் அடித்துவிட்டதாக இருந்தால்? அந்தப் பக்கம் வரிசையில் தாதிப் பெண் தட்டினாள், சிவப்பு. "ஐயோ, இதுவுமா?" என்று அவள் அழுகிற குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. இன்னொரு சிவப்பை நான் தாங்க மாட்டேன். என் தலைக்குள் இருக்கும் ஐந்தெழுத்தில் எது என்னுடையது, எது இவர் எச்சில் என்று எனக்கே தெரியவில்லை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு தன் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரம் ஓடியது.

மூன்றெழுத்துச் சொல் ஒன்றை வைத்தேன். கைபேசியில் நானே படித்தது, சந்தேகமில்லாதது. அதற்குக் கிடைத்தது கொஞ்சம் புள்ளி. அண்ணன் கடைசிக் கட்டைகளை வைத்து முடித்தார். கூட்டிப் பார்த்தோம். ஆறு புள்ளியில் தோற்றேன்.

ஆட்டம் முடிந்ததும் வயதில் சின்னவர் முதலில் கைகூப்ப வேண்டும், பெரியவர் திருப்பிக் கூப்புவார். அது எங்கள் வழக்கம். அண்ணன் எழுந்து, தலையை லேசாகச் சாய்த்து, காத்துக்கொண்டு நின்றார். நான் அவரைத் தாண்டி நேராக வரிசைக்குப் போனேன். தியம் எனக்கு வழிவிட்டான். அவன் கண் சிவந்திருந்தது.

"மன்னிச்சிடுங்கக்கா" என்றான்.

"தள்ளு" என்றேன்.

ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். ஏ. வி. ஐ. இசட். இ.

பச்சை.

திரையைப் பார்த்தபடியே நின்றேன். அண்ணன் எப்போது பின்னால் வந்து நின்றார் என்பது தெரியாது. எனக்கு மட்டும் கேட்கும்படி குனிந்து சொன்னார்.

"நான் சொல்லிக்கொடுத்ததுதானே தங்கச்சி. நம்பியிருக்கலாமே."

திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. மேடையில் நீலச் சட்டையை மடித்து வைத்துக்கொண்டு ஒருவர் ஒலிபெருக்கியில் அவர் பேரைக் கூப்பிட்டார். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் போனார். எங்கள் சங்கத்தில் ஒருவரும் கைதட்டவில்லை, ஒருவரும் மேடையைப் பார்க்கவுமில்லை.

நான் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டேன். எனக்கு இன்னும் பார்க்க வேண்டிய சொற்கள் நிறைய இருந்தன.